செயலி எழுதும் மாணவரும் தூர் வாரும் ஊரும்

கல்லூரி மாணவர்கள் விவசாயிகளுக்காகச் செல்போன் செயலி எழுதுவது இன்று சர்வ சாதாரணம். ஊரில் 'ஆப்' என்று சொல்லப்படுவதுதான் செயலி. இன்ஜினீயரிங் கல்லூரியில் கடைசி வருஷத்து மாணவர்கள் செய்து காட்டும் வேலைகளில் விவசாயச் செயலி ஒன்றாவது இல்லாமல் இருப்பது அபூர்வம். இலையைப் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்வது ஒன்று, மார்க்கெட் விலையைச் சொல்வது ஒன்று, எப்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று சொல்வது ஒன்று. பரீட்சை முடிகிறது, மார்க் கிடைக்கிறது, மாணவர் வேலை தேடி சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார். செயலியை நம்பிய விவசாயி அடுத்த பூவுக்குத் திறந்து பார்த்தால் அது திறப்பதில்லை.

இது யாரும் மோசம் செய்ததால் வருவதல்ல. செல்போனை ஓட்டும் ஆண்ட்ராய்டு மென்பொருள் வருஷத்துக்கு ஒரு முறை மாறுகிறது. அந்த மாற்றத்துக்குத் தக்கபடி திருத்தப்படாத செயலியை கூகுளின் பிளே ஸ்டோர் புதிய போன்களுக்குக் கொடுப்பதில்லை. கவனிப்பார் இல்லாத செயலி, தூர் வாராத வாய்க்கால் மாதிரி இரண்டு மூன்று வருஷத்தில் மேடிட்டுப் போகும்.

மாணவர்கள் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். வருகிற வழிதான் சரியில்லை. தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகளும் 11 கால்வாய்களும் இருக்கின்றன. சுமார் 86,000 ஏக்கர் இவற்றை நம்பியிருக்கிறது. ஒவ்வொரு விவசாயியும் தன் வயலுக்கென்று ஆற்றிலிருந்து தனி வாய்க்கால் வெட்டத் தொடங்கினால் கடைசியில் எந்த வாய்க்காலிலும் தண்ணீர் ஓடாது. இருக்கிற கால்வாயைத் தூர் வாரி, கரையைக் கட்டி, மதகைச் சரி செய்து வைப்பதுதான் எல்லோருக்கும் பிழைப்பு. மென்பொருளிலும் இதே நியாயம்தான். சேவை செய்ய விரும்பும் மாணவர் தன் பெயரில் புதுச் செயலி எழுதுவதைவிட, ஏற்கெனவே பொதுவில் இருக்கிற மென்பொருளுக்கு உழைப்பது நல்லது. விவசாயியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் அதில் தன் பங்கு உழைப்பைக் கொடுக்க வேண்டும்.

பொது மென்பொருள் என்றால் என்ன?

இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்றும் 'திறந்த மூல மென்பொருள்' என்றும் சொல்கிறார்கள். விதையை வைத்துப் பார்த்தால் விவசாயிக்குச் சுலபமாகப் புரியும்.

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937ல் ஏற்பட்டது. அங்கிருந்து 1986ல் வெளியான அம்பை 16 ரகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு விவசாயி அதை ஒரு தடவை வாங்கி நட்டால், நல்ல கதிராகப் பார்த்து அறுத்து, காய வைத்து, அடுத்த பூவுக்கு விதையாக வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வயல்காரருக்கு நாலு மரக்கால் கொடுக்கலாம். 2001ல் நிறைவேறிய பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் உள்ள இந்த உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது. வீரிய ஒட்டு ரகத்தில் இந்த வசதி கிடையாது. எடுத்து வைத்த விதை அடுத்த பூவில் அதே குணத்தோடு வராது. ஒவ்வொரு முறையும் கடைக்குப் போக வேண்டும்.

செல்போனில் இருக்கும் செயலிகளில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு விதையைப் போன்றவை. உபயோகிக்கலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடியாது, திருத்தவும் முடியாது. கம்பெனி கடையை மூடினால் செயலியும் போயிற்று. பொது மென்பொருளில் எழுதியது எழுதியபடி வெளியில் இருக்கும். விஷயம் தெரிந்த யாரும் படிக்கலாம், தவறைத் திருத்தலாம், தங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு. திருத்தி வெளியிடுகிறவர், தமக்குக் கிடைத்த அதே உரிமையோடுதான் மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பொதுக் குளத்தை ஒருவர் வேலி போட்டுக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு இது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காசில்லாமல் கிடைப்பதெல்லாம் பொது மென்பொருள் ஆகிவிடாது. இனாமாகக் கொடுத்தாலும் வீரிய ஒட்டு விதை வீரிய ஒட்டு விதைதான்.

மாணவர்கள் தொடங்கி வைத்தவை

இதெல்லாம் பொழுதுபோக்குக்குச் செய்கிற காரியம், நிலைக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல், தம் 21வது வயதில், லினக்ஸ் என்ற மென்பொருளை எழுதி வெளியிட்டார். 1992ல் அதை ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் அதைத் திருத்தி வளர்த்தார்கள். இன்று ஆண்ட்ராய்டு செல்போன் எதுவானாலும் அதன் அடித்தளம் லினக்ஸ்தான். சேரன்மாதேவியில் வாழைத்தார் விலை கேட்டுப் போன் செய்கிற விவசாயியின் கையில், அந்த மாணவர் தொடங்கி வைத்த வேலை இருக்கிறது.

விவசாயத்துக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்றும் உண்டு. கியூஜிஐஎஸ் என்பது நிலப்படம் தயாரிக்கும் பொது மென்பொருள். 2002ல் அமெரிக்காவில் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது. கம்ப்யூட்டரில் ஓடுவது. மேஜையில் உட்கார்ந்து படம் போட நல்லதாக இருந்ததே தவிர, வயலுக்கு எடுத்துப்போக முடியவில்லை. 2011ல் மார்கோ பெர்னாசோக்கி என்ற சுவிட்சர்லாந்து மாணவர், இதை ஆண்ட்ராய்டு கருவிகளில் ஓட வைக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். பொது மென்பொருளுக்கு உழைக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் திட்டம் ஒன்றை கூகுள் 2005 முதல் நடத்திவருகிறது. அந்தத் திட்டத்தின் கீழ்தான் அவர் வேலை செய்தார்.

மென்பொருள் கருவியில் ஓடியது. ஆனால் பெரிய திரைக்கென்று அமைத்த பொத்தான்களும் பட்டியல்களும் கையகலத் திரையில் வெயிலில் நின்று பார்க்க லாயக்காக இல்லை. ஆகவே அவரும் அவருடைய கூட்டாளிகளும் வயலில் நிற்பவரை மனத்தில் வைத்து, விரலால் தொட்டு வேலை செய்யும்படி புதிதாக ஒரு செயலி எழுதினார்கள். அதுதான் கியூஃபீல்ட். இன்று பல நாடுகளில் நில அளவைக்கும் வனக் கணக்கெடுப்புக்கும் பயிர்க் கணக்குக்கும் அது உபயோகத்தில் இருக்கிறது. பெர்னாசோக்கி பின்னாளில் கியூஜிஐஎஸ் அமைப்பின் தலைவராகவும் வந்தார்.

இதில் மூன்று விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. முதலாவது, அந்த மாணவர் புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை. ஒன்பது வருஷமாகப் பலர் வளர்த்த வேலையில் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது, முதலில் செய்தது வயலுக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்ததும் மாற்றி எழுதினார்கள். மூன்றாவது, உதவித்தொகை முடிந்ததும் அவர் போய்விடவில்லை.

தாமிரபரணியில் இதற்கு என்ன வேலை?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆற்றிலும் குளங்களிலும் வெள்ளம் கரை கடந்தது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கம் வாழையும் நெல்லும் நீரில் மூழ்கின. பல இடங்களில் வயலில் மணல் ஏறிவிட்டது. செல்போன் கோபுரங்கள் வேலை செய்யாமல் ஊருக்கு ஊர் பேச்சே அற்றுப்போனது.

அப்படிப்பட்ட சமயத்தில் விவசாயியின் கையில் இருப்பது ஒரு மனுதான். 'எங்கள் குளத்துக் கரை உடைந்துவிட்டது, பயிர் அழிந்துவிட்டது' என்று எழுதுகிறார். எந்த இடத்தில், எத்தனை அடி, எந்த மதகுக்கு வடக்கே, எந்தத் தேதியில் என்ற விவரம் பெரும்பாலும் மனுவில் இராது. எஸ்டிமேட் போடுகிற அதிகாரி நேரில் வந்து பார்க்கும்போது தண்ணீர் வடிந்திருக்கும்; அடையாளமும் மாறியிருக்கும்.

கியூஃபீல்ட் போன்ற செயலி உதவுவது இங்கேதான். ஊரின் குளம், கால்வாய், மடை, மதகு எல்லாம் அடங்கிய படத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு முறை தயார் செய்து செல்போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும். உடைப்பு நேர்ந்த இடத்தில் போய் நின்றால் போன் தன் ஜி.பி.எஸ். மூலம் இடத்தைக் குறிக்கும். உடைப்பு எத்தனை அடி, ஷட்டர் இருக்கிறதா, எத்தனை ஏக்கர் பாதிப்பு என்ற கேள்விகளுக்கு அதிலேயே விடையை எழுதி, ஒரு படமும் எடுத்துச் சேர்க்கலாம். இதற்கு இன்டர்நெட் அவசியமில்லை. எல்லாம் போனிலேயே பதிந்திருக்கும். பிறகு சௌகரியப்பட்டபோது கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம். கேள்விகளைத் தமிழிலேயே, ஊரில் வழங்கும் சொல்லிலேயே அமைக்கலாம்.

வெள்ளக் காலத்துக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். 143 அடி பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைப்பதே பெரும் பாடு. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, கடைமடைக்கு எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, எத்தனை நாள் நின்றது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. 'வந்தது' என்று தலைமடைக்காரரும் 'வரவில்லை' என்று கடைமடைக்காரரும் கூட்டத்தில் சத்தம் போடுவதோடு விஷயம் முடிகிறது. தேதியும் இடமும் படமும் சேர்ந்த கணக்கு இரண்டு வருஷத்துக்கு இருந்தால், எங்கே வாய்க்கால் மேடிட்டிருக்கிறது, எந்த மடையில் தண்ணீர் அதிகம் போகிறது என்பது தானே தெரியும். பேச்சும் சண்டையில் போய் முடியாது.

பொது மென்பொருளும் ஊராரும் சேர்ந்தால் பலன் உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தை வைத்து, தண்ணீர் தேங்கிய தெருக்களைத் தன்னார்வலர்களும் பொதுமக்களும் குறித்தார்கள். எந்தத் தெருவில் போகலாம், எதில் போகக்கூடாது என்று எல்லோரும் பார்க்க முடிந்தது. நகரத்துத் தெருவுக்குச் செய்ததைக் கிராமத்துக் குளத்துக்கும் செய்யலாம்.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

அரசின் 'உழவன்' செயலி 2018 முதல் இருக்கிறதே, பின் எதற்கு இன்னொன்று என்று கேட்கலாம். மானியம், வானிலை, விலை, உரக் கையிருப்பு முதலிய விவரங்களை அரசிடமிருந்து விவசாயிக்குக் கொண்டுவருவது அதன் வேலை. இங்கே சொல்லப்படுவது, ஊர் தன் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் காரியம். ஒன்றுக்கொன்று போட்டியில்லை.

எல்லோரிடமும் நல்ல போன் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் எல்லோரிடமும் இருக்க வேண்டியதில்லை. ஒரு மடைக்கு ஒரு போன் போதும். எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர், வீட்டுப் பெண் ஒருவர் போதும். எந்த வயலில் தண்ணீர் ஏறாது என்பது, நாற்று நடுகிற பெண்களுக்குத் தெரிந்த அளவு நில உடைமைக்காரருக்கே தெரியாது. அவர்களையும் கேட்டு எழுதினால் கணக்கு சரியாக இருக்கும்.

துல்லியம் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. சாதாரண செல்போன் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீட்டர் முன்பின் காட்டும். தென்னந்தோப்புக்குள்ளும் அடர்ந்த வாழைக்குள்ளும் இன்னும் மோசமாக இருக்கும். உடைப்பு எங்கே என்று காட்ட இது போதும். வரப்புத் தகராறுக்கு இது சாட்சியாகாது. அதற்கு சர்வேயரைத்தான் கூப்பிட வேண்டும்.

எழுதிய கணக்கு யாருடைய கைக்குப் போகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. சர்வே நம்பர், போன் நம்பர், என்ன பயிர், எவ்வளவு மகசூல் என்ற விவரங்களுக்கு விலை உண்டு. மருந்துக் கம்பெனிக்கும் வேண்டும், கடன் கொடுப்பவருக்கும் வேண்டும், நிலம் வாங்குபவருக்கும் வேண்டும். தனி மனிதர் விவரங்களைக் காக்க 2023ல் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறியிருக்கிறது. என்றாலும் கேட்ட இடத்தில் எல்லாம் 'சரி' என்று தொடுகிற பழக்கத்தை விவசாயி விட வேண்டும். பொது மென்பொருளில் விவரத்தை ஊரின் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. செயலி வெளியில் எதை அனுப்புகிறது என்று விஷயம் தெரிந்தவர் திறந்து பார்க்கவும் முடியும்.

மாணவரைச் சம்பளமில்லாத ஆளாக ஆக்கிவிடக் கூடாது என்பதும் கவனிக்க வேண்டியது. 2024 நவம்பரில், டிஜிட்டல் பயிர் சர்வே வேலையைக் கிராம நிர்வாக அலுவலர்கள் ஏற்க மறுத்திருந்தபோது, தமிழ்நாட்டில் வேளாண் கல்லூரி மாணவர்களைச் செல்போனோடு வயலுக்கு அனுப்பினார்கள். விஷப் பூச்சி, பாம்பு உள்ள இடத்தில் பழக்கமில்லாத பிள்ளைகளை விடுவதா என்று கண்டனம் எழுந்தது. தானாக விரும்பி வருவது வேறு, உத்தரவின் பேரில் அனுப்பப்படுவது வேறு. அரசு செய்ய வேண்டிய வேலையை அரசு ஆள் போட்டுத்தான் செய்ய வேண்டும்.

விவசாயியின் பங்கு

கால்வாய் மராமத்துக்கு அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் போவது வழக்கம். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஆள் அனுப்பாதவர்களை வழிக்குக் கொண்டுவர 1858ல் சென்னை ராஜதானியில் சட்டமே கொண்டுவந்தார்கள். பொது மென்பொருளுக்கும் அப்படி ஒரு பங்கு உண்டு. அதற்கு மண்வெட்டி வேண்டாம்.

மாணவர் செயலியோடு வந்தால் முதலில் அவரை வரப்பில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். மடை எது, மதகு எது, கலிங்கு எது என்று காட்ட வேண்டும். இந்தச் சொற்கள் புத்தகத்தில் ஒன்றாகவும் ஊரில் வேறாகவும் இருக்கும். ஊர்ச் சொல்லையே எழுதச் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு பருவம் உபயோகித்துப் பார்த்து, எங்கே தட்டுகிறது என்று சொல்ல வேண்டும். 'நன்றாக இருக்கிறது தம்பி' என்று மரியாதைக்குச் சொல்லி அனுப்பினால் மாணவருக்கும் லாபமில்லை, ஊருக்கும் லாபமில்லை. வெயிலில் எழுத்து தெரியவில்லை, சேற்றுக் கையால் தொட்டால் வேறு பக்கம் திறக்கிறது, பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்று பச்சையாகச் சொன்னால்தான் திருத்த முடியும். அப்படிச் சொல்வதும் மென்பொருளுக்கு உழைப்பதுதான்.

மூன்றாவதாக, மாணவரிடம் ஊரார் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது எந்த உரிமத்தில் வெளியாகிறது? விவரம் எங்கே போய்ச் சேருகிறது? அடுத்த வருஷம் இதை யார் கவனிப்பார்கள்? மூன்றுக்கும் நேரான பதில் இல்லாத செயலியைப் போனில் ஏற்ற வேண்டிய அவசியமில்லை.

கல்லூரியும் இலாகாவும்

கல்லூரிகள் மார்க் போடும் முறையை மாற்ற வேண்டும். புதுச் செயலி என்றால் முழு மார்க், இருக்கிற பொது மென்பொருளில் ஒரு தவறைத் திருத்தினால் மார்க் இல்லை என்ற நிலை இருக்கும்வரை மாணவர்கள் புதிது புதிதாக எழுதிக் குவித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு மாணவரின் திருத்தத்தைப் பொது மென்பொருளை நிர்வகிப்பவர்கள் பரிசீலித்து ஏற்றுக்கொண்டால், அதைவிடப் பெரிய பரீட்சை வேறு இல்லை. மாணவரும் எடுத்த எடுப்பில் பெரிய திட்டம் போடாமல், சின்னத் தவறு ஒன்றைத் திருத்தி, தமிழ் மொழிபெயர்ப்பைச் சரி செய்து, படிப்படியாக வர வேண்டும். இந்த விஷயங்களைத் தமிழில் படிக்க விரும்புபவர்களுக்கு 'கணியம்' மின்னிதழ் 2012 முதல் இருக்கிறது. செய்த வேலையைத் தமிழில் குறிப்பாக எழுதி வைத்துவிட்டுப் போனால், அவர் வேலைக்குப் போன பிறகும் அடுத்த வருஷத்து மாணவர் தொடர முடியும்.

கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியும் இதே பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஒரு பக்கம் பயிர் தெரிந்த மாணவர்கள், மறு பக்கம் கம்ப்யூட்டர் தெரிந்த மாணவர்கள். இரு தரப்பாரும் ஒரே வாய்க்காலில் சேர்ந்து நடந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீர்வளத் துறையும் விவசாய இலாகாவும், ஊர் எழுதிய கணக்கை மனுவோடு இணைத்துக் கொடுத்தால் வாங்கிப் பரிசீலிக்க வேண்டும். பொது மென்பொருளை அரசுத் துறைகள் விரும்பி ஏற்க வேண்டும் என்று மத்திய அரசே 2015ல் கொள்கை வெளியிட்டிருக்கிறது.

பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு கால்வாய், அதில் நாலு குளம், ஆர்வமுள்ள ஐந்தாறு மாணவர்கள், ஒரு பாசன சங்கம் போதும். கார் சாகுபடிக்கு அணை திறக்கும் முன்பே மடைகளையும் மதகுகளையும் படத்தில் ஏற்றிவிடலாம். காரிலும் பிசானத்திலும் தண்ணீர் வந்த கணக்கை எழுதலாம். மாசி அறுப்பு முடிந்ததும் ஊர்க் கூட்டத்தில் அந்தப் படத்தை விரித்து வைத்து, எங்கே தூர் வார வேண்டும் என்று முடிவு செய்யலாம். அந்தக் கூட்டத்தில் கடைமடை விவசாயி கையில் தேதி வாரியாகக் கணக்கு இருந்தால், மாணவரின் உழைப்பு வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.